கைமருந்தில் பெயரும் அளவும்

கைமருந்து என்பது தமிழில் மிகப் பொருத்தமாக அமைந்த சொற்களுள் ஒன்று. கைக்கு எட்டும் இடத்தில் உள்ள மருந்து என்றும், கையாலேயே அளந்து கொடுக்கப்படும் மருந்து என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். சுக்கு, மிளகு, சீரகம், மஞ்சள், ஓமம், பெருங்காயம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இல்லாத அடுக்களை நம் நாட்டின் எந்த மாநிலத்திலும் அரிது. சளி, செரியாமை, சிறு காயம், வயிற்றுப்போக்கு முதலிய அன்றாட உபாதைகளுக்கு மருத்துவரை நாடுமுன் அடுக்களையை நாடுவது நம் மக்களின் நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கம் நல்லதா, தீயதா என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. கோடிக்கணக்கான இல்லங்களில் வேரூன்றிய ஒன்றைக் கட்டுரை எழுதித் தோற்றுவிக்கவும் இயலாது; ஒழிக்கவும் இயலாது. ஆனால் அதனைப் பற்றி அச்சில் எழுதுவோரும், ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குப் பெயர்த்தெழுதுவோரும் எத்துணைப் பொறுப்புடன் எழுதுகின்றனர் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இத்தகைய குறிப்புகள் பல என் மேசைக்கு வருகின்றன. ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பெற்ற அவற்றில், இன்ன மூலிகையைச் சிறிதளவு எடுத்து நன்றாகக் காய்ச்சி அருந்தினால் இன்ன நோய் தீரும் என்ற பாங்கில் வாசகங்கள் இருக்கும். இதனைத் தமிழாக்க ஒரு நிமிடம் போதும். சிறிதளவு என்பது எவ்வளவு, எத்துணை நீரில், எவ்வளவு நேரம், யாருக்கு, எத்தனை நாட்களுக்கு என்ற கேள்விகளுக்கு விடை மூலத்திலேயே இல்லாதபோது, மொழிபெயர்ப்பில் அது எங்கிருந்து வரும்? பாட்டி சொன்ன மருந்தில் இவ்வைந்தும் இருந்தன. அவள் எதிரே நின்று, குழந்தையின் முகத்தைப் பார்த்து, தன் விரலாலேயே அளந்து கொடுத்தாள். அச்சுக்கு முகமும் இல்லை, விரலும் இல்லை.

இதனால் கைமருந்தே பயனற்றது என்று கூற வந்தேன் என எவரும் கருத வேண்டா. 1971-ஆம் ஆண்டில் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் எல்லையோர ஊரான பங்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பின் வழியே செலுத்தும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. அந்நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், சமையலுப்பும் குளுகோஸும் சோடா உப்பும் கலந்த கரைசலைப் பெரிய கலங்களில் ஆயத்தம் செய்து, நோயாளிகளின் உறவினரைக்கொண்டே வாய்வழியாகப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில் அவ்விகிதம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. குளுகோஸ் உடனிருந்தால் குடலின் சுவர் உப்பை உள்ளே ஈர்த்துக்கொள்ளும்; உப்பின் பின்னே நீரும் செல்லும். இதுவே அதன் தத்துவம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியிலும் இதே தத்துவம் உண்டு. அதிலுள்ள மாப்பொருள் செரித்துக் குளுகோஸாக மாறுகிறது. நம் நாட்டு அடுக்களை இக்கஞ்சியை நெடுங்காலமாக அறிந்திருந்தது.

ஆயினும் இங்கும் அளவே உயிர். ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு, தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு என்பது கணக்கு. உப்பு மிகுந்தால் குழந்தையின் மூளைக்குக் கேடு. சர்க்கரை மிகுந்தால் வயிற்றுப்போக்கு பெருகும். இக்குறிப்பைச் சிறிது உப்பு, சிறிது சர்க்கரை என்று சுருக்கி எழுதிய பிரசுரங்களையும் நான் கண்டதுண்டு. இடமின்மை காரணம் என்றனர்!

அச்சில் ஏறிய செய்தியின் வலிமைக்கு மஞ்சளைக் காட்டிலும் நல்ல சான்றில்லை. புண்ணை ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கென 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996-இல் அதனை எதிர்த்தது. 32 நூற்சான்றுகளை முன்வைத்தது. 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. வேறொரு நாட்டின் வாய்மொழி வழக்கத்தை அக்காலத்து அமெரிக்கச் சட்டம் சான்றாக ஏற்பதில்லை. வீடுதோறும் மஞ்சளை அப்புகிறோம் என்று கூறினால் செல்லாது. எழுத்தில் காட்ட வேண்டும். சம்ஸ்கிருதத்திலும் உருதுவிலும் இந்தியிலும் இருந்த ஏடுகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டிய பின்னரே வழக்கு வென்றது. என் தொழிலைச் சேர்ந்தோர் இதில் சிறிது பெருமிதம் கொள்வது பிழையாகாது. 2001-இல் தொடங்கப்பெற்ற மரபறிவு டிஜிட்டல் நூலகம், தமிழில் உள்ள சித்த நூல்கள் உட்படப் பல ஏடுகளின் செய்திகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பான் மொழிகளில் தருகிறது. ஆனால் அது நூல்களில் உள்ளதைக் காக்கும் ஏற்பாடு. அடுக்களையில் உள்ளது பெரும்பாலும் இன்னும் வாய்மொழியாகவே இருக்கிறது. அதனை அச்சேற்றும் பணி நாள்தோறும், போதிய கவனமின்றி, எங்கும் நடந்துகொண்டிருக்கிறது.

முதற்கண் பெயரைக் கவனிப்போம். சங்கபுஷ்பி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வடநாட்டில் அப்பெயரால் பெரும்பாலும் வழங்குவது கான்வால்வுலஸ் இனத்துச் சிறு கொடி. சிலவிடங்களில் விஷ்ணுகிராந்தியும் அப்பெயர் பெறுகிறது. தெற்கே வந்தாலோ, நீலமாகவும் வெள்ளையாகவும் வேலியில் பூக்கும் சங்குப்பூவே சங்கபுஷ்பி. மூன்றும் வெவ்வேறு செடிகள். பிராம்மி என்ற பெயரும் இத்தகையதே. தென்னாட்டார் அதனை நீர்ப்பிரமி எனக் கொள்வர். வடக்கே பலவிடங்களில் வல்லாரையும் அப்பெயரால் விற்கப்படுகிறது. மூலத்தில் தாவரவியற் பெயர் இல்லையெனில், மொழிபெயர்ப்பாளன் தன் ஊர் வழக்கப்படி ஏதேனும் ஒன்றை எழுதுவான். வாசகர் அதைத் தேடிப் பறித்து அரைத்து விழுங்குவார்.

இதனினும் அஞ்சத்தக்க ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘இந்தியன் லிக்கரிஸ்’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. லிக்கரிஸ் என்பது அதிமதுரம். ஆகவே இந்திய அதிமதுரம் என்று தமிழாக்கினால் அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் அப்பெயர் குறிப்பது குன்றிமணிக் கொடியை. அதன் வேரிலும் இலையிலும் ஓர் இனிப்பு இருப்பதால் அப்பெயர் வந்தது. அதன் விதையில் உள்ள ஆப்ரின் என்ற நஞ்சோ மிகச் சிறிய அளவிலேயே ஆளைக் கொல்ல வல்லது. நன்றாக மென்றுவிட்டால் ஒன்றிரண்டு விதைகளே குழந்தைக்கு எமனாகலாம்.

பெயரின் சிக்கல் அண்மைக் காலத்தில் பெருவடிவில் தோன்றியது சீந்தில் கொடியை முன்னிட்டேயாகும். சம்ஸ்கிருதத்தில் குடூசி, இந்தியில் கிலோய், மலையாளத்தில் சிற்றமிர்து, கன்னடத்தில் அமிர்தபள்ளி என்றெல்லாம் வழங்கும் இக்கொடி, கொரோனா பரவிய 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நாடெங்கும் வீடுகளில் காய்ச்சப்பட்டது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட புகழ். 2021-இல் மும்பை மருத்துவர்கள், இதனை உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் கெட்டதை வெளியிட்டனர். 2022-இல் பதின்மூன்று மருத்துவ நிலையங்களினின்று 43 பேரைப் பற்றிய மற்றோர் ஆராய்ச்சி வெளிவந்தது. எந்த எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறதென்று போற்றினோமோ, அத்தூண்டுதலே சிலரின் உடலில் கல்லீரலுக்கு எதிராகத் திரும்பியிருக்கலாம் என்பது மருத்துவர்கள் கருத்து. ஆயுஷ் அமைச்சகம் இதனை மறுத்து, டினோஸ்போரா கார்டிபோலியா எனும் உண்மைச் சீந்திலோடு, தோற்றத்தில் ஒத்த டினோஸ்போரா கிரிஸ்பா என்ற கொடியை மக்கள் மாற்றி உண்டிருக்கலாம் என்று விளக்கியது. இத்தர்க்கத்தில் தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். இரு கட்சியாரில் எவர் கூற்று மெய்யாயினும், எந்தக் கொடி, எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள் என்று தெளிவாகச் சொல்லாத குறிப்புகள் ஆயிரக்கணக்கில் எல்லா மொழிகளிலும் உலவின என்பது மறுக்கவொண்ணாதது. தண்டின் மேல் தோற்றத்தைக் கொண்டு இவ்விரு கொடிகளையும் வேறுபடுத்தும் வகை பயிற்சியுடையோர்க்குத் தெரியும். அக்குறிப்புகளில் எத்தனை அதனைக் கூறின?

இனி அளவு. நம் முன்னோர் அளவின்றி மருந்து கொடுத்தனர் என்று எண்ணுவது பெருந்தவறு. சுண்டைக்காயளவு, தூதுளங்காயளவு, கழற்சிக்காயளவு என்பன சித்த நூல்களில் தெளிவான அளவைகள். மூன்று விரல் நுனியால் எடுப்பது திரிகடி; ஐந்து விரல் நுனியும் கூடி, பூனையின் பாதம் போலக் குவித்து எடுப்பது வெருகடி. கஷாயத்தை எட்டொன்றாகக் குறுக்குக என்றால் எட்டுப் படி நீர் ஒரு படியாகும் வரை காய்ச்ச வேண்டும். நான்கொன்றாக என்றால் இரண்டு படி நிற்க வேண்டும். பின்னதைவிட முன்னது ஏறத்தாழ இருமடங்கு செறிவுடையது. இத்துணை நுட்பமும் இன்றைய பிரசுரங்களில் ‘நன்றாகக் காய்ச்சி’ என்ற இரண்டு சொற்களுள் அடங்கி மறைந்துவிடுகிறது. நவீனம் என்று கருதிச் செய்யப்படும் இச்சுருக்கம் உண்மையில் பழைமையினும் பின்தங்கியது.

அளவைகளுக்குள்ளும் கண்ணி உண்டு. ஆயுர்வேத மருந்து நூலின்படி ஒரு பலம் 48 கிராம். சித்த மருந்து நூலின்படி ஒரு பலம் 35 கிராம். சொல் ஒன்றே, எடையில் வேறுபாடு 13 கிராம். இந்தியில் ரத்தி என்பது குன்றிமணியின் பெயரும் ஆகும், ஏறக்குறைய 120 மில்லிகிராம் கொண்ட எடையின் பெயரும் ஆகும். ஒரு ரத்தி பஸ்பம் என்ற தொடரில் ரத்தி எடையைக் குறிக்கிறதென்று அறியாத இளம் மொழிபெயர்ப்பாளன் குன்றிமணியை மருந்திலேயே சேர்த்துவிட மாட்டான் என்பதற்கு என்ன உறுதி? மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இலேயே நம் நாட்டில் இயற்றப்பட்டது. மருந்துக் குறிப்புகள் மட்டும் அதற்கு விலக்குப் பெற்றவை போல நடந்துகொள்கின்றன.

2020-இல் ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட அறிவுரைகளையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மஞ்சள் பாலுக்கு, 150 மில்லிலிட்டர் சூடான பாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள், நாளுக்கு ஒன்றிரண்டு முறை என்று அளவு கூறப்பட்டது. துளசி, லவங்கப்பட்டை, மிளகு, சுக்கு, உலர்ந்த திராட்சை சேர்ந்த கஷாயத்திற்கோ பொருள்களின் பெயர் மட்டுமே முதலில் இருந்தது. மஞ்சள் பாலால் தீங்குற்றதாக எவரும் முறையிட்டு நான் கேட்டிலேன்; கஷாயத்தை வேளைக்கு வேளை காரமேற்றிப் பருகி, வாய்ப்புண்ணும் வயிற்றெரிச்சலும் கொண்டோரை என் தெருவிலேயே கண்டேன். பின்னர் வந்த அறிவிப்பில் துளசி 4 பங்கு, லவங்கப்பட்டை 2, சுக்கு 2, மிளகு 1 என்ற விகிதமும், 150 மில்லிலிட்டர் நீருக்கு 3 கிராம் என்ற அளவும் சேர்க்கப்பட்டன. அதுவே முதலில் வந்திருக்க வேண்டும்.

பழைய நூலை ஊன்றிப் படிப்பதால் என்ன விளையும் என்பதற்குச் சீனத்தினின்று ஓர் உதாரணம் போதும். மலேரியாவுக்கு ஒருவகை மாசிப்பத்திரியினத் தாவரத்தை அங்கே பண்டுதொட்டு வழங்கினர். துயூயூ என்னும் பெண் விஞ்ஞானி அதனைக் காய்ச்சி வடித்துப் பார்த்தபோது பயன் நிலையாக இல்லை. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய நூலை மீண்டும் படித்தார். அந்நூல் காய்ச்சச் சொல்லவில்லை; நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. வெப்பத்தால் மருந்து கெடுகிறது என்று உய்த்துணர்ந்து, குறைந்த சூட்டில் சாரத்தைப் பிரித்தார். 1971-இல் வெற்றி கண்டார். 2015-இல் நோபெல் பரிசு பெற்றார். ஊறவைத்தல் என்ற சொல்லை யாரேனும் ஒரு மொழிபெயர்ப்பாளன் அழகு கருதிக் காய்ச்சுதல் என்று மாற்றியிருந்தால்?

பெயரும் அளவும் சரியாயிருந்த போதிலும், எவருக்குக் கூடாது என்ற விலக்கு விடுபட்டால் மருந்து தீதாகும். தேன் இருமலுக்கு நல்லது. ஓராண்டு நிறையாத குழவிக்கு அதனை நாவில் தடவவும் கூடாது. பெரியோர் குடலில் வளராத ஒருவகைக் கிருமியின் வித்து குழவியின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலறச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றே நாம் அழைக்கிறோம். அதில் மிகுந்துள்ள பீட்டா-அசரோன் விலங்குகளில் புற்றுநோய் விளைவித்தமையால் 1968-இலேயே அமெரிக்காவில் அதனை உணவில் சேர்ப்பது தடுக்கப்பட்டது. சுட்டுக் கரியாக்கினாலும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா என்பதே குழந்தை மருத்துவர்களின் துணிபு. கற்பூரம் கலந்த எண்ணெய் சிறு குழந்தையின் வயிற்றுக்குள் சென்றால் வலிப்புக் காணும். கண்ணில் இலைச்சாறும் விளக்கெண்ணெயும் விடுவதால் கருவிழிப் புண் முற்றிப் பார்வை இழந்தோர் நம் கண் மருத்துவமனைகளில் ஏராளம். தொண்டைக்கு இதமான அதிமதுரம் இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

மிளகின் கதை இவற்றினும் நுட்பமானது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் தனியே உண்டால் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் காரப் பொருளாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது அச்சேர்க்கை இருபது மடங்காயிற்று. மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போட்ட மூதாட்டியரின் அறிவை எண்ணி மகிழலாம். ஆயினும் அதே பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின் போன்ற மருந்துகளையும் இரத்தத்தில் மிகச் செய்யும். சமையலுக்கு இடும் மிளகால் அச்சமில்லை. மஞ்சட் சாரத்தையும் மிளகுச் சாரத்தையும் செறித்து மாத்திரையாக்கி, இயற்கையானது ஆதலால் தீங்கற்றது என்று விற்கும்போதுதான் எச்சரிக்கை வேண்டற்பாலது. இயற்கை என்ற சொல் நம் விளம்பரங்களில் படும் பாட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அரளியும் எட்டியும் இயற்கையின் படைப்பே.

வீட்டு உபயோகப் பொருள்களில் இத்துணை அபாயம் இல்லை. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் தம்மிலுள்ள சபோனினால் நுரைத்து அழுக்கை நீக்குகின்றன. புளியின் அமிலம் பித்தளையின் களிம்பைக் கரைக்கிறது. தேற்றாங்கொட்டையை இழைத்த நீரில் கலங்கல் அடியில் படிவது உண்மை. ஆனால் தெளிந்த நீர் கிருமியற்ற நீராகாது, காய்ச்சியே பருக வேண்டும். கடையில் வாங்கும் பொருளின் தூய்மையோ வேறு விஷயம். வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேட்டைக் கலந்தது 2019-இல் ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. அவ்வரசு கடுமையாக நடவடிக்கை எடுத்ததால் 2021-இல் சந்தை மாதிரிகளில் அக்கலப்படம் காணப்படவில்லை. பாட்டி கொல்லையில் கிண்டி எடுத்து அவித்து உலர்த்திய மஞ்சளைப் பற்றிய அறிவுரையை, எங்கோ பொடித்துப் பையிலிட்ட மஞ்சளுக்கு அப்படியே பொருத்தலாகாது.

இவ்வாறெல்லாம் நிபந்தனை விதித்தால் எளிய மக்கள் அஞ்சிக் கைமருந்தையே கைவிடுவர், மருத்துவமனை தொலைவில் உள்ள சிற்றூரார் என்ன செய்வர் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் தொலைவில் இருப்போர்க்கே திட்டமான குறிப்பு மிகுதியும் தேவை. தவறு நேர்ந்தால் திருத்த அவர்க்கு அருகில் ஆளில்லை. நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. விளம்பரமல்லாத அறிவுரைக்கு அத்தகைய கடிவாளம் இல்லை. எழுதுவோரின் மனச்சாட்சியே கடிவாளம். கருவிகளும் இல்லாமலில்லை. விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றம் 1956-இல் வெளியிட்ட இந்திய மருந்துச் செடிகளின் சொற்கோவை, செடிகளின் வட்டாரப் பெயர்களையும் தாவரவியற் பெயர்களையும் இணைத்துத் தருகிறது. எங்கள் அலுவலகப் பிரதியின் அட்டை உதிர்ந்துவிட்டது. எனினும் நாள்தோறும் பயன்படுகிறது.

என் கோரிக்கை மிக எளியது. கைமருந்துக் குறிப்பு எதுவாயினும், தாவரவியற் பெயர், கொள்ளும் பாகம், கிராமிலும் கரண்டியிலும் அளவு, நாள் வரம்பு, விலக்கு, மருத்துவரை நாட வேண்டிய குறி ஆகியவை இல்லாவிடில் அதனை மொழிபெயர்ப்புக்கு ஏற்காமல் மூலத்தாருக்கே திருப்பி அனுப்பும் உரிமை மொழிபெயர்ப்பாளனுக்கு வேண்டும். ஓமத்தைப் பற்றிய குறிப்பு இவ்வாறு அமையலாம்:

ஓமம். ட்ராக்கிஸ்பெர்மம் அம்மி. உலர்ந்த காயே விதை எனப்படுவது. உணவுக்குப் பின் வயிறு உப்புசத்திற்கு, அரைத் தேக்கரண்டி ஓமத்தை ஒரு டம்ளர் நீரில் ஐந்து நிமிடம் காய்ச்சி வடித்து, வெதுவெதுப்பாக அருந்தலாம். நாளுக்கு இரு முறைக்கு மேலும், இரண்டு நாட்களுக்கு மேலும் வேண்டா. கைக்குழந்தைகளுக்குக் கூடாது, கருவுற்றோரும் வயிற்றுப்புண் உடையோரும் மருத்துவரைக் கேட்டுக்கொள்க. மலம் கருத்துப் போனாலோ, காய்ச்சலோ ஓயாத வாந்தியோ கண்டாலோ நிறுத்துக. நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி ஆகியவை இருந்தால் அது வாயு அன்று, மாரடைப்பாக இருக்கலாம். ஓம நீர் காய்ச்சுவதில் நேரத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

இவ்வாறு எழுதினால் ஒரு பக்கத்தில் பத்துக் கைமருந்துகளை அடக்க இயலாது என்று பதிப்பாசிரியர்கள் கூறுவர். மெய்தான், மூன்று அடங்கும்.